திருட்டுத் தடுப்பு அலாரம் டேக்: பேட்டரி சீக்கிரம் தீர்வது ஏன், தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், மொபைல் ஷோரூம் நடத்துபவர்களும், அங்கே ஃப்ளோர், கவுண்டர் பார்க்கிறவர்களும் அலாரம் டேக் பேட்டரியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். கேபிள் சுற்றிப் பூட்டும் டேக், பாட்டில் கழுத்து டேக், அலாரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி என்று தானாகச் சத்தம் போடும் வகைகளுக்கான பக்கம் இது.

எங்க கடையில இருக்கிற டேக் எல்லாத்துலயும் பேட்டரி இருக்கா?

இல்லை. புடவையிலும் சட்டையிலும் ஊசி குத்திப் பூட்டும் சாதாரண கெட்டி டேக்கில் பேட்டரி கிடையாது. ஷாம்பு பாட்டிலில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் கிடையாது. கடை வாசலில் நிற்கும் அலாரம் கேட் அனுப்பும் அலைக்கு அவை பதிலுக்கு அதிரும், கேட் அதைக் கேட்டுச் சத்தம் போடும். 58 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதை ஏ.எம். என்றும், 8.2 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதை ஆர்.எஃப். என்றும் சொல்வார்கள். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்கும் ஆர்.எஃப்.ஐ.டி. லேபிளுக்கும் பேட்டரி வேண்டாம்.

டேக்கில் சின்ன சிவப்பு விளக்கு மினுக்கினாலோ, கேபிளை வெட்டினால் டேக்கே அலறினாலோ உள்ளே பேட்டரி இருக்கிறது என்று அர்த்தம். இதில் இரண்டு ரகம். கேபிளை வெட்டினால் டேக் கத்தும், கேட்டைத் தாண்டினால் கேட் கத்தும் என்பது இரண்டு-அலாரம் டேக். கேட்டைத் தாண்டும்போது கேட்டோடு சேர்ந்து டேக்கும் கத்தி, பையோடு தெருவில் போகிறவரைக் காட்டிக்கொடுப்பது மூன்று-அலாரம் டேக். பேட்டரித் தொல்லை அதிகம் வருவது இந்த மூன்று-அலாரம் டேக்கில்தான். கேட்டின் அலை வருகிறதா என்று அது எப்போதும் காது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கேட்டே இல்லாத கடையில் மூன்று-அலாரம் டேக் வாங்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். 8.2 மெகாஹெர்ட்ஸ் கேட் வைத்துக்கொண்டு 58 கிலோஹெர்ட்ஸ் டேக் வாங்குவதும் நடக்கிறது. இரண்டிலுமே வாசலில் டேக் கத்தாது. ஆனால் காது கொடுக்கும் சர்க்யூட் மட்டும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு பேட்டரி செல் எவ்வளவு நாள் வரணும்? சப்ளையர் ரெண்டு வருஷம்னு சொல்றார், எங்களுக்கு ஆறு மாசம்கூட வரலையே.

சப்ளையர் சொல்வது பெரும்பாலும் அலாரமே அடிக்காத டேக்கின் கணக்கு. நீங்களே போட்டுப் பாருங்கள். கீழே வரும் எண்கள் உதாரணத்துக்கானவை. உங்கள் மாடலின் தாளில் உள்ளதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சி.ஆர்.2032 எனும் காசு வடிவ லித்தியம் செல்லில் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். கடைசிச் சொட்டு வரை டேக் வேலை செய்யாது என்பதால் 200 என்று வையுங்கள். சும்மா விழித்திருக்கும் டேக் 3 மைக்ரோஆம்பியர் எடுத்தால் ஒரு நாளுக்கு 0.072 மில்லிஆம்பியர்-மணி. இது மட்டும்தான் செலவு என்றால் செல் 7 வருஷத்துக்கு மேல் வர வேண்டும்.

அடுத்தது விளக்கு. 4 விநாடிக்கு ஒரு தடவை, 10 மில்லிவிநாடி, 5 மில்லிஆம்பியரில் மினுக்கினால் சராசரி 12.5 மைக்ரோஆம்பியர். நாளுக்கு 0.3. சர்க்யூட் எடுப்பதைப் போல நான்கு மடங்கு. இரண்டையும் சேர்த்தால் செல் சுமார் ஒன்றரை வருஷம் வரும்.

இனி அலாரம். சத்தம் போடும் பஸ்ஸர் 12 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு ஒரு நிமிஷம் கத்தினாலே 0.2 கூடி, ஆயுள் பதினொன்றரை மாதமாகக் குறைகிறது. நாளுக்கு 5 நிமிஷம் கத்தினால் ஐந்து மாதம்கூடத் தாங்காது. பத்து நிமிஷ அலறல் ஒன்று, விளக்கில்லாத டேக் நான்கு வாரம் விழித்திருக்கும் மின்சாரத்தைத் தின்றுவிடும். அதற்கு மேல் இன்னொன்று: காசு வடிவ லித்தியம் செல்கள் மெதுவாக, கொஞ்சமாக எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. மில்லிஆம்பியர் கணக்கில் இழுத்தால் அட்டையில் போட்ட 220 முழுதாகக் கைக்கு வராது.

ஆக, ஆறு மாதத்தில் தீர்ந்தால் செல் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால், உங்கள் கடையில் தேவையில்லாமல் ஒரு நாளில் எத்தனை தடவை டேக் கத்துகிறது என்று எண்ணுங்கள். ஒரு வாரம் கவுண்டரில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு அலறலுக்கும் ஒரு கோடு போடச் சொன்னால் போதும். அதில் உண்மையான திருட்டு முயற்சி விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்.

தேவையில்லாம கத்துறது எதனால?

முதல் இடம் பில்லிங் கவுண்டருக்குத்தான். டேக்கைக் கழற்ற உதவும் டிடாச்சர் காந்தத்தின் மேல் அதைச் சாய்வாக வைத்து அவசரமாக இழுத்தால் பூட்டு பாதி திறக்கும். உள்ளே இருக்கும் சின்ன பொத்தான் நகரும். டேக் அதைத் திருட்டு என்று நினைத்துக் கத்தும். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் இது பத்து இருபது தடவை நடந்துவிடும். டேக்கின் பூட்டுக்கு வேண்டிய வலிமை காந்தத்தில் இல்லையென்றாலும் இதே கதை. சூப்பர் லாக் டேக்கைச் சாதாரண டிடாச்சரில் வைத்துத் திறக்கப் பார்ப்பார்கள். மூன்றாவது இழுப்பில் எப்படியோ திறக்கும், ஆனால் அதற்குள் இரண்டு முறை அலறியிருக்கும்.

இரண்டாவது கேபிள். வெளியே பிளாஸ்டிக் உறை முழுதாகத் தெரியும். உள்ளே செம்பு இழை டேக்கின் வாயருகே மடிந்து மடிந்து அறுந்திருக்கும். வாடிக்கையாளர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே தொடர்பு விட்டுச் சேரும், டேக் கத்தும். சோதிக்க, டேக்கைப் பூட்டி, கேபிளை வாயிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்து நாலு பக்கமும் மெல்ல வளையுங்கள். கத்தினால் அந்த டேக்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதில் புது செல் போடுவது காசுக்குக் கேடு.

மூன்றாவது, தளர்வாகச் சுற்றுவது. பெட்டியின் மேல் டேக் ஆடினால் அடியில் உள்ள அழுத்துப் பொத்தான் எழும்பி எழும்பி அமரும். நாலு பக்கக் கேபிளும் பெட்டியின் நடுவில் சேரும்படி வைத்து, கேபிளை இறுக்கும் ராட்செட்டை இறுக்கமாகத் திருகுங்கள். அட்டைப்பெட்டி நசுங்கும் அளவுக்கு வேண்டாம். நசுங்கிய அட்டை இரண்டு நாளில் இன்னும் உள்வாங்கும், டேக் மறுபடி தளரும்.

நான்காவது காரணம் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வைப்பது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கேட்டிலிருந்து எவ்வளவு தூரத்துல டேக் போட்ட சாமானை வைக்கலாம்?

பொதுவாக 2 மீட்டர் தள்ளி வைத்தால் பிரச்சினை வராது. ஆனால் கேட்டின் சக்தி, அமைத்த விதம், தரையில் உள்ள இரும்பு எல்லாம் கடைக்குக் கடை மாறும். அளந்து பார்ப்பதே நல்லது.

கடை மூடிய பிறகு செய்யுங்கள். நல்ல செல் உள்ள மூன்று-அலாரம் டேக் ஒன்றைக் காலி அட்டைப்பெட்டியில் பூட்டுங்கள். கேட்டிலிருந்து 4 மீட்டரில் தொடங்கி, அடி அடியாக நெருங்குங்கள். எங்கே கத்துகிறதோ அங்கே தரையில் டேப் ஒட்டுங்கள். பெட்டியை முழங்கால் உயரத்தில் ஒரு முறை, இடுப்பு உயரத்தில் ஒரு முறை, படுக்க வைத்து ஒரு முறை, நிமிர்த்தி ஒரு முறை என்று மாற்றிப் பாருங்கள். டேக் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தூரம் நிறையவே மாறும். கிடைத்ததில் அதிகமான தூரத்தோடு அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குள் பேட்டரி டேக் போட்ட எதையும் வைக்கக் கூடாது.

கேட்டின் இரண்டு பக்கமும் இதைச் செய்யுங்கள். வெளியே ஆஃபர் ஸ்டாண்ட் போடும் கடைகளில் வெளிப்பக்கத்தை யாரும் நினைப்பதில்லை.

சிக்பேட்டை, கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்துக் குறுகலான கடைகளில் கல்லாவே வாசலில்தான் இருக்கும். கழற்றிய டேக்கைப் போடும் தட்டும் கேட்டிலிருந்து கை நீட்டும் தூரத்தில் கிடக்கும். அங்கே தட்டைக் கல்லாவுக்கு உட்பக்கம் மாற்றி, மணிக்கு ஒரு தடவை உள்ளறைக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். தகர டப்பாவில் மூடி வைத்தால் ஆர்.எஃப். அலை உள்ளே போகாது. ஏ.எம். அலையை அது ஓரளவுதான் தடுக்கும், அதற்குத் தூரமே மருந்து. (அலுமினியத் தாள் ஒட்டிய பையோடு வருகிற திருடர்கள் நம்புவதும் இதே சங்கதியைத்தான்.)

ஒரு ஷெல்ஃபில் இருக்கிற டேக் மட்டும் சாயங்காலம் ஆனா கத்துது. கேட் பக்கத்துலகூட இல்ல.

அந்த நேரத்தில் எது ஆன் ஆகிறது என்று பாருங்கள். மலிவான எல்.இ.டி. டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), இன்வெர்ட்டர், சில அடாப்டர்கள் எல்லாம் பல பத்து கிலோஹெர்ட்ஸ் அளவில் இரைச்சலைக் கசியவிடும். ஏ.எம். டேக்கின் காதுக்கு அது கேட்டின் குரல் போலவே கேட்கலாம். விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று பிடிபடும். டிரைவரை மாற்றுங்கள், முடியாவிட்டால் டேக் போட்ட சாமானை வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

கழற்றின டேக்கை எப்படி வைக்கணும்?

பேட்டரி மிச்சப்படுத்துவதில் பாதி வேலை இதுதான். சாமான் இல்லாமலே பூட்டிய நிலையில் டிராயரில் கிடக்கும் டேக், கடையில் தொங்குவதாகவே நினைத்துக்கொண்டு இரவு முழுக்க விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு தட்டில் அறுபது டேக் குவித்து வைத்து, அதன் மேல் இன்னும் பத்தை எறிந்தால் சில கத்தத் தொடங்கும். உள்ளறையில் யாரும் இல்லையென்றால் தானாக ஓயும் வரை கத்தும்.

கவுண்டரில் பழக்க வேண்டிய வரிசை இது. டேக்கைத் தட்டையாகக் காந்தத்தின் நடுவில் வைக்க வேண்டும். ‘டக்’ என்று பூட்டு விடும் சத்தம் கேட்ட பிறகே கேபிளைத் தளர்த்த வேண்டும். கேபிளை முழுதாக வெளியே இழுத்து, ராட்செட் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் பத்து விநாடி விளக்கைக் கவனிக்க வேண்டும். மினுக்கவில்லை என்றால் தூங்கிவிட்டது, தட்டில் வைக்கலாம். மினுக்கினால் மறுபடி காந்தத்தில் வைக்க வேண்டும். கூட்ட நேரத்தில் பத்து விநாடி யாரும் நிற்க மாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு, கடை மூடும்போது ஒருவர் விளக்கைக் குறைத்துத் தட்டைப் பார்த்தால் போதும். மினுக்குகிறதை மட்டும் பொறுக்கி எடுத்துத் திறந்து வைக்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

எல்லா மாடலும் திறந்தவுடன் தூங்காது. சிலவற்றில் அடிப்பொத்தான் அழுந்தினால்தான் விழிக்கும், சிலவற்றில் கேபிள் முனை துளைக்குள் போனால் விழிக்கும். இரண்டாவது ரகத்தில் கேபிள் முனையைத் துளையில் செருகி ‘அழகாக’ அடுக்கி வைப்பதுதான் கெடுதல். இந்த விஷயத்தில் அலங்கோலமாகக் கிடப்பதே நல்லது.

கவுண்டரில் நிற்கும் பிள்ளைகள் தமிழ், கன்னடம், இந்தி என்று கலந்துதான் இருப்பார்கள். ஆறு வரி அறிவிப்பை விட, சரியாக வைத்த டேக்கையும் தவறாக வைத்த டேக்கையும் படம் எடுத்து டிக், பெருக்கல் குறி போட்டு டிடாச்சர் பக்கத்தில் ஒட்டினால் வேலை நடக்கும்.

மல்டிமீட்டர்ல 3 வோல்ட் காட்டுது, ஆனா டேக் கத்த மாட்டேங்குது. எப்படி?

லித்தியம் செல்லை வெறுமனே அளந்தால் கிட்டத்தட்ட கடைசி வரை 2.9, 3.0 என்றே காட்டும். செல் பழசாக ஆக, உள்மின்தடை ஏறும். புதிதில் 10, 20 ஓம் அளவில் இருப்பது போகப்போக 50, 100 ஓம் தாண்டும். டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும் போர்வெல் உப்பு படிந்த குழாயில் நூல் போல வருமே, அந்த நிலைமை. விளக்கு மினுக்க அது போதும். பஸ்ஸர் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து, உள்ளே இருக்கும் சிப் அணைந்துவிடும்.

இந்த நிலையில் உள்ள டேக்கை அடையாளம் காண்பது எளிது. ஒரு முறை ‘கீச்’ என்று தொடங்கி, குரல் தடித்து, நின்றுபோகும். சிறிது நேரம் விட்டால் செல் கொஞ்சம் தேறும், மறுபடி ஒரு ‘கீச்’. காலையில் சோதித்தபோது சரியாக இருந்த டேக் மதியம் ஊமையாவது இதனால்தான்.

சரியான சோதனைக்கு 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். செல்லின் இரண்டு பக்கமும் ரெசிஸ்டரை 3 விநாடி வைத்து, அப்போதே வோல்டேஜைப் பாருங்கள். பஸ்ஸர் இழுக்கும் அளவுக்கே இதுவும் இழுக்கும், சுமார் 13 மில்லிஆம்பியர். 2.7-க்கு மேல் நின்றால் நல்ல செல். 2.5 முதல் 2.7 வரை என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், கண் வைத்துக்கொள்ளுங்கள். 2.5-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். ரெசிஸ்டரை அதிக நேரம் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், சோதனையே செலவாகிவிடும்.

செல் எண்ணை எப்படிப் படிப்பது? 2032-க்குப் பதிலா 2025 போடலாமா?

முதல் இரண்டு இலக்கம் விட்டம், மில்லிமீட்டரில். அடுத்த இரண்டு கனம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம். 2025-இல் கனம் 2.5, கொள்ளளவு 160 அளவில்தான். 2450-இல் 600-க்குப் பக்கம்.

2032 இருக்கும் குழியில் 2025 போட்டு, மேலே அட்டைத் துண்டோ தகடோ சொருகுவது வேண்டாம். கொள்ளளவும் குறைவு, தொடர்பும் ஆடும். டேக் கீழே விழும் ஒவ்வொரு முறையும் தொடர்பு விட்டு, டேக் புதிதாகத் தொடங்கும். சில மாடலில் அதுவே அலாரம்.

எல்.ஐ.ஆர்.2032 என்று ரீசார்ஜ் செல் கிடைக்கும். அளவு ஒன்றுதான், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட் சர்க்யூட்டுக்கு அது ஆபத்து. போதாதற்குக் கொள்ளளவும் 40 மில்லிஆம்பியர்-மணி அளவில்தான். தொடாதீர்கள்.

எல்.ஆர்.44 எனும் ஆல்கலைன் பொத்தான் செல் இரண்டு போடும் சின்ன டேக்குகளுக்கு மட்டும் ஒரு நல்ல மாற்று உண்டு. எஸ்.ஆர்.44 எனும் சில்வர் ஆக்சைடு செல் அதே அளவு, கொள்ளளவு கூட, வோல்டேஜ் கடைசி வரை சரியாமல் நிற்கும், கசிவதும் குறைவு. விலை கூடுதல். அடிக்கடி மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகும். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று மட்டும் கலக்காதீர்கள்.

செல் மாற்றுவது எப்படி?

முதலில் மாடலைப் பாருங்கள். ஸ்க்ரூ உள்ளதா, ஒட்டி மூடியதா? பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிய டேக்கைக் கத்தியால் பிளந்தால் பூட்டின் இயந்திரம் சிதறும். அதைச் சப்ளையரிடம் திருப்பிக் கொடுத்து மாற்று வாங்குவதே வழி. உள்ளே செல்லோடு உலோக நாக்கு ஸ்பாட் வெல்ட் செய்திருந்தால், நாக்கு வைத்த அதே எண் செல் வாங்க வேண்டும். சாதாரண செல்லின் மேல் சோல்டரிங் அயனை வைக்கவே கூடாது. சூட்டில் உள்ளே இருக்கும் தடுப்புத் தாள் கெடும், செல் வெடிக்கவும் கூடும்.

ஸ்க்ரூ வகை என்றால், டேக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் ட்வீசர், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி இவை போதும். இரும்பு ட்வீசரால் செல்லை இரு பக்கமும் பிடித்தால் ஷார்ட் ஆகும். பழைய செல்லை எடுத்ததும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பாருங்கள். எழுத்துள்ள அகலமான பக்கம் பிளஸ். தொடர்புத் தகடுகளை ஆல்கஹாலில் துடைத்து, ஒரு நிமிஷம் காயவிடுங்கள். ஸ்பிரிங் நாக்கு தட்டையாகப் படிந்திருந்தால் நகத்தால் இம்மி அளவு தூக்கிவிடுங்கள். புது செல்லைத் துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்து வையுங்கள்.

குழந்தைகள் வாயில் போடாமல் இருக்க இப்போது சில பிராண்டு செல்களில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தப் பூச்சு தொடர்பைத் தடுக்கலாம். தொலைந்த சாமானைத் தேட உதவும் ஏர்டேக் கருவியில் இத்தகைய செல் சில வேளை வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. புது செல் போட்டும் டேக் உயிர் பெறவில்லை என்றால் முதலில் அந்தப் பரப்பை ஆல்கஹாலில் அழுத்தித் துடையுங்கள்.

மூடிய பிறகு, பூட்டி ஒரு முறை அலறவிட்டு, உடனே காந்தத்தில் வைத்து நிறுத்துங்கள். ரப்பர் வளையம் இருந்தால் அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்க்ரூவை இறுக்காதீர்கள்.

புது செல் போட்டும் ஒரு மாசத்துல தீருது. இப்ப என்ன பார்க்கிறது?

டேக் சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்று அளக்க வேண்டும். செல்லை வெளியே எடுத்து, மைனஸ் பக்கத்தை ஒரு ஒயரால் டேக்கின் மைனஸ் தகட்டோடு சேருங்கள். மீட்டரின் சிவப்பு முனையைச் செல்லின் பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை டேக்கின் பிளஸ் தகட்டிலும் வையுங்கள். முதலில் மில்லிஆம்பியர் அளவில் வைத்து, டேக் அமைதியான பிறகு மைக்ரோஆம்பியருக்கு மாற்றுங்கள். தொடக்கத்திலேயே மைக்ரோவில் வைத்தால் மீட்டருக்குள் இருக்கும் தடையிலேயே வோல்டேஜ் விழுந்து, டேக் தொடங்கவே தடுமாறும்.

விளக்கு மினுக்காத இடைவெளியில் சில மைக்ரோஆம்பியர் என்றால் சரி. 20-க்கு மேல் நிலையாக நின்றால் போர்டில் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் ஈரம். தரை துடைக்கும் தண்ணீர், கிளீனர் ஸ்பிரே, தேங்காயெண்ணெய், பேபி ஆயில் பாட்டில் கசிவு எல்லாம் டேக்குக்குள் போகும். போர்டை ஆல்கஹாலும் மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எல்.ஆர்.44 கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம் (ஆல்கலி). பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். கழுவியும் குறையவில்லை என்றால் அந்த டேக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பெங்களூரு வெயில் பேட்டரியைப் பாதிக்குமா?

மற்ற ஊர்களைப் பார்த்தால் இங்கே கொடுத்து வைத்தவர்கள். லித்தியம் காசு செல் அறை வெப்பத்தில் வருஷத்துக்கு ஒரு சதவீதம் அளவே தானாக இழக்கும். வெப்பம் ஏற ஏற அது வேகமாகும். சென்னைக் கிடங்கில் மேமாதம் படும் பாடு இங்கே இல்லை. கவனிக்க வேண்டியது இரண்டே இடம்: மேற்கு வெயில் விழும் கண்ணாடி ஷோகேஸ், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடிக் கிடங்கு. ஃப்ரிட்ஜில் செல் வைப்பதால் லாபமில்லை. வெளியே எடுக்கும்போது மேலே நீர் கோர்க்கும், அதுதான் மிச்சம்.

செல் எங்கே, எப்படி வாங்குவது?

எஸ்.பி. ரோட்டில் எல்லா எண்ணும் கிடைக்கும். தட்டில் கொட்டி வைத்து எண்ணிக் கொடுப்பதை மட்டும் வாங்காதீர்கள். ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகியிருக்கும். ஷார்ட் ஆன செல் ஓய்ந்த பிறகு மீட்டரில் 3 வோல்ட் காட்டும், ஆயுள் போயிருக்கும். தனித்தனி குமிழில் அடைத்த அட்டையாக, தயாரித்த தேதியோ காலாவதித் தேதியோ போட்டதாக, பில்லோடு வாங்குங்கள். 220 ஓம் ரெசிஸ்டரையும் மீட்டரையும் கையோடு எடுத்துப் போய், ஒரு அட்டையில் இரண்டைச் சோதித்துவிட்டு மொத்தமாக எடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முந்நூறு டேக் இருக்கு. எது எப்போ மாத்தினோம்னு எப்படி ஞாபகம் வைக்கிறது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒரே வாரத்தில் எல்லாம் ஊமையாகும். முந்நூறு என்றால் மாதம் 25 வீதம் மாற்றுங்கள், ஒரு சுற்று ஒரு வருஷம். மாற்றிய மாதத்தைப் பெர்மனன்ட் மார்க்கரால் டேக்கின் அடியில் ‘3/26’ என்று எழுதினால் போதும், ஸ்டிக்கர் உரிந்துவிடும். தீபாவளி, யுகாதி கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் எல்லா டேக்கையும் ஒரு முறை ஒரு விநாடி அலறவிட்டுப் பாருங்கள். குரல் மெலிந்ததைத் தனியே ஒதுக்குங்கள். விலை உயர்ந்த சாமானுக்குப் புது செல் போட்ட டேக், மற்றதுக்குப் பழையது.

உண்மையைச் சொன்னால், முந்நூறு பேட்டரி டேக் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நூறு ரூபாய் ஃபேஸ்வாஷுக்கு ஸ்டிக்கர் லேபிள் போதும். பால்பவுடர் டின், ஹெட்போன், பெர்ஃப்யூம், ரேஸர் போன்று சின்னதாகவும் விலை அதிகமாகவும் இருப்பதற்கே அலறும் டேக்.

கரண்ட் போனா?

கேட் மெயின்ஸில் ஓடுவது. பெஸ்காம் கரண்ட் போனால், யூ.பி.எஸ். இல்லாவிட்டால் கேட் செத்துவிடும். அப்போதும் கேபிளை வெட்டினால் டேக் கத்தும், அதற்குத்தான் செல். கரண்ட் திரும்பும்போது கேட் பக்கத்தில் கிடக்கும் மூன்று-அலாரம் டேக்குகள் ஒன்றாக எழுந்து கத்தும். ஜெனரேட்டர் மாறி மாறி வரும் வளாகங்களில் இதுவும் ஒரு செலவுக் கணக்கு.

புது டேக் வாங்கும்போது என்ன கேட்கணும்?

செல்லின் எண் என்ன, மாற்ற முடியுமா? விழித்திருக்கும்போது எத்தனை மைக்ரோஆம்பியர்? விளக்கு எத்தனை விநாடிக்கு ஒரு முறை? அலாரம் எத்தனை நிமிஷத்தில் தானாக நிற்கும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். 3 நிமிஷத்தில் ஓயும் டேக்குக்கும், செல் தீரும் வரை கத்தும் டேக்குக்கும் உள்ள வித்தியாசம் பணமாகத் தெரியும். கேட்டின் அலைவரிசை எழுத்தில் வேண்டும். பெட்டியில் வரும்போதே தூங்க வைத்து அனுப்பச் சொல்லுங்கள். லாரியில் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த டேக்கும் ‘புதுசு’ என்றுதான் பில்லில் இருக்கும்.

தீர்ந்த செல்லை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தச் சின்ன செல்லுக்கும் பொருந்தும். மற்றக் குப்பையோடு கலக்காமல், மறுசுழற்சிக்குச் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். ஒட்டாமல் குவித்தால் மிச்சமிருக்கும் சக்தியில் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிச் சூடேறும்.

டப்பா குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். 20 மி.மீ. செல்லைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். தீர்ந்த செல் என்று அலட்சியம் வேண்டாம், அதுவும் இதைச் செய்யும். சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராக ஓடுங்கள். அதே எண் செல் ஒன்றையோ அதன் அட்டையையோ கையில் எடுத்துப்போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.